நாணற் புல்லும் கரும்பின் தாய்வழியும்

சூளூர்பேட்டையை ஒட்டி ஓடிப் பழவேற்காட்டு ஏரியை அடையும் காளங்கியும், திருப்பதியையும் காளத்தியையும் கடந்து கடலை நோக்கிச் செல்லும் சுவர்ணமுகியும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கும் ஆறுகளாகும். பின்னதைத் தமிழர் பொன்முகலி என்று வழங்கி வந்தனர். இத்தகைய மணலாறுகளின் கரையும் திட்டும் ஒரு காட்டுப் புல்லுக்கு மிகவும் உகந்த நிலம். தெலுங்கு மக்கள் அதனை ரெல்லு என்பர். தமிழில் பேய்க்கரும்பு என்றும், பிற கோரைப் புற்களோடு சேர்த்துப் பொதுவாக நாணல் என்றும் கூறுவர். தாவர நூலார் இட்ட பெயர் சக்காரம் ஸ்பொண்டேனியம் என்பது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, பூக்கும் பருவத்தில் வெண்பட்டுப் போன்ற கதிர்களை அசைத்து நிற்கும் இப்புல்லைக் கூரை வேய அறுப்பதுண்டு. மற்றபடி, நிலத்தடியில் ஓடும் தண்டினால் வயலுக்குள் புகுந்துவிட்டால் எளிதில் ஒழிக்க இயலாத களை என்றே உழவர் இதனை வெறுப்பர்.

அதே உழவர், சித்தூர்ப் பகுதியில் வெல்லம் காய்ச்சுவதற்காகப் பயிரிடும் கரும்பில் இப்புல்லின் இரத்தம் கலந்திருக்கிறது. இன்று உலகில் பயிராகும் கரும்பு வகைகளில் பெரும்பாலானவை ஒரு பக்கத்தில் பேய்க்கரும்பின் வழித்தோன்றல்களே. ஆனால் அவ்வழித்தோன்றல்களின் இலைகளை எடுத்துச் சோதித்தால் அங்கே ஒரு பகுதியில் மட்டும் பேய்க்கரும்பின் சுவடே பெரும்பாலும் காணப்படுவதில்லை. அப்பகுதி, இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம். இது ஏன் இவ்வாறாயிற்று என்பதும், இதனால் கரும்புப் பயிருக்கு நேரக்கூடிய தீங்கு யாது என்பதும் அறியத்தக்க செய்திகளாகும்.

பசுங்கணிகத்தின் தனி ஏடு

ஓர் உயிரணுவின் பாரம்பரியக் குணங்கள் அதன் உட்கருவில் உள்ள குரோமோசோம்களில் அடங்கியுள்ளன என்பது பலரும் அறிந்ததே. தாவரங்களில் இதற்குப் புறம்பாக இரண்டு இடங்களில் டி.என்.ஏ. உண்டு. ஒன்று மூச்சுவிடும் வேலைக்குரிய மைட்டோகாண்டிரியா. மற்றொன்று ஒளியைக் கொண்டு சர்க்கரையை ஆக்கும் குளோரோப்பிளாஸ்ட் எனப்படும் பசுங்கணிகம். பண்டைக் காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பசுங் கிருமி ஒன்று மற்றோர் உயிரணுவுக்குள் குடியேறி, நாளடைவில் அதன் உறுப்பாகவே மாறிவிட்டதே பசுங்கணிகம் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கை. தன் ஜீன்களில் பெரும்பாலானவற்றை அது உட்கருவிடம் ஒப்படைத்துவிட்டது. ஏறக்குறைய நூறு ஜீன்களை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நூறு ஜீன்களும் பொதுவாக வளையமாக வரையப்படும் ஒரு டி.என்.ஏ. இழையில் அமைந்துள்ளன. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்களை நான்கு எழுத்துகளாகக் கொண்டால், பசுங்கணிகத்தின் ஏடு புல்லினங்களில் சற்றேறக்குறைய 1,35,000 முதல் 1,41,000 எழுத்துகள் வரை நீளமுடையது. கரும்பின் உட்கருவில் உள்ள எழுத்துகளோ ஏறத்தாழ ஆயிரம் கோடி. ஒரு பெரிய நூல்நிலையத்துக்கும் ஒரு சிறு சுவடிக்கும் உள்ள வேறுபாடு இது.

சுவடியின் அளவு சிறியதாயினும் அது கைம்மாறும் முறையில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. உட்கருவின் குரோமோசோம்கள் தந்தையிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி எனக் கலந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். பசுங்கணிகம் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் சூலின் வழியாகவே, அதாவது தாய்வழியாக மட்டுமே, செல்லும். மகரந்தம் அதனைக் கொண்டு வருவதில்லை. 1909-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் கோரென்ஸ், பௌர் ஆகிய இருவரும் பல நிற இலைகளை உடைய செடிகளைக் கொண்டு இலையின் நிறம் உட்கருவின் விதிக்குக் கட்டுப்படாமல் இறங்கும் விந்தையைக் கண்டறிந்தனர். விதிவிலக்குகளும் உண்டு, பைன் மரங்களில் பசுங்கணிகம் தந்தை வழியே வருகிறது. புல்லினங்களோ பொதுவாகத் தாய்வழியைச் சார்ந்தவை.

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் கையாண்ட முறையை இங்கு நினைவுகூரலாம். ஒரு சுவடியைப் பார்த்து எழுதிய படிகளில், மூலத்தில் இருந்த பிழை அப்படியே தொடரும். ஆகையால் ஒரே பிழை காணப்படும் சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று துணியலாம். ஆனால் எழுதுவோர் இரண்டு சுவடிகளை வைத்துக்கொண்டு இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் இந்த வழி குழம்பிப்போகும். உட்கருவின் நிலை கலந்து எழுதிய சுவடியின் நிலை. பசுங்கணிகம் கலப்பில்லாமல் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதப்பட்டு வந்த படி. எனவே ஒரு செடியின் தாய், அவளுடைய தாய், அவளுக்கும் தாய் எனப் பின்னோக்கிச் செல்ல அதனைப்போல் நம்பத்தக்க சான்று வேறில்லை.

கோயமுத்தூரில் நடந்த கலப்பு

கரும்பு வயலில் நடப்படுவது விதையன்று, கரணை. ஆகவே ஒரு வகைக் கரும்பு எத்தனை ஆண்டு நடப்பட்டாலும் அது ஒரே செடியின் நீட்சியே. புதிய வகை வேண்டுமாயின் பூ பூத்து விதை கட்டவேண்டும். வட இந்தியச் சமவெளியில் கரும்பு எளிதில் பூப்பதில்லை. கோயமுத்தூரிலோ நன்கு பூத்து முளைக்கக்கூடிய விதையைத் தருகிறது. 1912-ஆம் ஆண்டில் கரும்பு இன ஆராய்ச்சி நிலையம் அங்கே நிறுவப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். அதன் முதல் தலைவர் சி. ஏ. பார்பர், அவருக்கு உதவியாக இருந்து பின்னர் அப்பொறுப்பை ஏற்றவர் டி. எஸ். வெங்கட்ராமன்.

அக்காலத்தில் வட இந்தியாவில் பயிரான கரும்பு மெலிந்த தண்டும் குறைந்த விளைவும் உடையது. ஆனால் குளிரையும் வறட்சியையும் பொறுத்தது. தெற்கில் பயிரானதோ பருத்த தண்டும் மிகுந்த சாறும் உடைய, ஆராய்ச்சியாளர் உயர்குலக் கரும்பு எனக் குறிப்பிட்ட வகை. அது வடக்கே நட்டால் தாக்குப்பிடிக்காது. இரண்டு குணங்களையும் ஒன்று சேர்க்கக் கோயமுத்தூரார் தேர்ந்தெடுத்த துணை, பக்கத்தில் ஆற்றோரமாய்க் கிடந்த பேய்க்கரும்பு. வெள்ளை என்னும் பெயருடைய உயர்குலக் கரும்பைத் தாயாகவும் கோயமுத்தூர்ப் பேய்க்கரும்பைத் தந்தையாகவும் கொண்டு பிறந்ததே கோ. 205. சர்க்கரை இல்லாத களைப்புல்லைச் சர்க்கரைப் பயிரோடு சேர்ப்பது அக்காலத்தில் துணிச்சலான செயலே. 1918-ஆம் ஆண்டு பஞ்சாபில் வெளியிடப்பட்ட அக்கரும்பு, அங்கிருந்த நாட்டு வகைகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. அதன் பெயரை நூல்களில் காணும் பிறநாட்டார் பலர், அதன் தாயின் பெயர் ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல் என்பதை அறியார்.

ஜாவாத் தீவில் டச்சு ஆராய்ச்சியாளர்களும் அதே காலத்தில் இவ்வழியைப் பின்பற்றினர். கலப்பினத்தை மீண்டும் மீண்டும் உயர்குலக் கரும்போடு சேர்த்து, புல்லின் உறுதியை வைத்துக்கொண்டு அதன் நாரையும் சுவையின்மையையும் களைந்தனர். அப்பொழுது ஜி. பிரேமர் என்பார் வியப்பான ஓர் உண்மையைக் கண்டார். உயர்குலக் கரும்பில் 80 குரோமோசோம்கள் உண்டு. கோயமுத்தூர்ப் பேய்க்கரும்பில் 64. சாதாரண விதிப்படி குழந்தைக்கு 40-உம் 32-உம் சேர்ந்து 72 இருக்கவேண்டும். ஆனால் உயர்குலக் கரும்பு தாயாக இருக்கும்பொழுது அது தன் 80-ஐயும் முழுமையாகவே கொடுத்துவிடுகிறது. கோ. 205-இல் 112 குரோமோசோம்கள் காணப்படுவது இதனாலேயே. பேய்க்கரும்பைத் தாயாக்கினால் பொதுவாக இந்தக் கொடை கிடைப்பதில்லை. இரு பக்கமும் பாதி பாதியே வரும்.

சர்க்கரையை விரைவில் மீட்டுக்கொள்ள விரும்பிய எந்த ஆராய்ச்சியாளரும் உயர்குலக் கரும்பையே தாயாக வைப்பார் என்பது வெளிப்படை. பேய்க்கரும்பு எங்கும் தந்தையாகவே நின்றது. அதன் விளைவாக, இன்றைய கரும்பின் குரோமோசோம்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை பேய்க்கரும்பிலிருந்து வந்திருப்பினும், பசுங்கணிகம் உயர்குலக் கரும்பினுடையதாகவே தங்கிவிட்டது. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. வேறொன்றைத் தேடியபொழுது உடன் வந்து சேர்ந்தது.

என்.கோ. 310

கரும்பின் பசுங்கணிக ஏடு முழுமையாக முதன்முதல் படிக்கப்பட்டது 2004-ஆம் ஆண்டில். ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அசானோ, கடோவாக்கி முதலியோர் ஒரு வகையிலும், பிரேசில் நாட்டார் தங்கள் நாட்டு வகை ஒன்றிலும் தனித்தனியே படித்து அதே ஆண்டில் வெளியிட்டனர். இரண்டிலும் கிடைத்த எண்ணிக்கை 1,41,182. உலகின் இரு கோடிகளில் பயிரான இரண்டு வகைகள் ஓர் எழுத்துகூட நீளத்தில் வேறுபடாமல் நின்றன.

ஜப்பானியர் எடுத்துக்கொண்ட வகை என்.கோ. 310. அதன் கதை கோயமுத்தூரில் தொடங்குகிறது. கோ. 421-ஐத் தாயாகவும் கோ. 312-ஐத் தந்தையாகவும் கொண்டு கோயமுத்தூரில் உண்டான விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு அனுப்பப்பட்டது. அங்கே முளைத்தவற்றினின்றும் தேர்ந்தெடுக்கப்பட்டு 1945-இல் வெளியான வகை அது. நேட்டால், கோயமுத்தூர் என்னும் இரண்டு ஊர்ப் பெயர்களையும் அது தன் பெயரில் தாங்குகிறது. பின்னர் தைவான், ஒகினாவா முதலிய இடங்களிலும் பரவியது.

அதன் தாய்வழியைப் பதிவேடுகளைக் கொண்டு தேடிச் சென்றால், கோ. 421-க்குத் தாய் ஜாவாவில் 1921-இல் செய்த கலப்பில் பிறந்த புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878, அதற்குத் தாய் பி.ஓ.ஜே. 2364, அதற்குத் தாய் பி.ஓ.ஜே. 100, அதற்கும் தாய் போர்னியோவின் ஊர்ப்பெயரைத் தாங்கிய கறுப்பு நிற உயர்குலக் கரும்பு ஒன்று. இவ்வழியில் எங்கும் பேய்க்கரும்பு இல்லை. ஆனால் தந்தை வழியிலோ கோ. 312-க்குத் தந்தை கோ. 244, கோ. 244-க்குத் தந்தை கோ. 205, கோ. 205-க்குத் தந்தை கோயமுத்தூர்ப் புல். என்.கோ. 310-இன் உட்கருவுக்குள் அப்புல் புகுந்திருக்கிறது; பசுங்கணிகத்துக்குள் புகவில்லை.

அந்த ஆய்வில் மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றின் ஏடுகளோடு ஒப்பிட்டபொழுது கரும்பு மக்காச்சோளத்துக்கே மிக அண்மையில் நின்றது. கோயமுத்தூரில் பணியாற்றிய ஜானகி அம்மாள் 1930-களிலேயே கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து செடி ஒன்றை உண்டாக்கிக் காட்டியிருந்ததை இங்குக் குறிப்பிடுதல் தகும்.

காட்டுப் புல்லின் ஏடு

பேய்க்கரும்பின் பசுங்கணிக ஏடும் உயர்குலக் கரும்பின் ஏடும் அருகருகே வைத்து ஆராயப்பட்டது 2016-இல். அதனைச் செய்தோர் தென்னாப்பிரிக்கக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த இவான்ஸ், ஜோஷி என்னும் இருவர்.

படிக்கும் முறை 2004-க்குப் பிறகு பெரிதும் மாறிவிட்டது. முன்பு இலையை அரைத்துப் பசுங்கணிகங்களைத் தனியே பிரித்தெடுத்து, டி.என்.ஏ.யைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் பாக்டீரியாவில் பெருக்கி, ஒரு முறைக்குச் சில நூறு எழுத்துகளாகப் படித்துவந்தனர். இப்பொழுது பிரித்தெடுக்க வேண்டியதில்லை. இளம் இலை ஒன்றைப் பறித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்து உலர்த்திக் கொண்டுவந்தால் போதும். ஓர் இலை உயிரணுவில் உட்கரு ஒன்றே. பசுங்கணிகங்களோ பல பத்து. ஒவ்வொன்றுக்குள்ளும் அவ்வேட்டின் படிகள் பல. ஆகவே இலையின் டி.என்.ஏ. முழுவதையும் கலந்தபடியே கருவியில் இட்டுக் கோடிக்கணக்கான சிறு துண்டுகளாகப் படித்தாலும், உட்கருவின் ஒவ்வோர் இடமும் ஓரிரு முறை மட்டும் தலைகாட்டும்பொழுது பசுங்கணிகத்தின் ஒவ்வோர் இடமும் நூற்றுக்கணக்கான முறை வந்துவிடும். கணிப்பொறி அவற்றை ஓரத்தோடு ஓரம் பொருத்தி முழு வளையத்தை அமைக்கிறது.

இதில் எச்சரிக்கை வேண்டிய இடங்கள் இரண்டு. வளையத்தில் ஏறக்குறைய 22,800 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி இருமுறை, ஒன்றுக்கொன்று தலைகீழாக, எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பக்கம் 83,000 எழுத்துகளும் மறுபக்கம் 12,500 எழுத்துகளும் உள்ளன. இரட்டைப் பகுதி ஒரே மாதிரியாக இருப்பதால் சிறு பக்கம் எந்தத் திசையில் நிற்கிறது என்று முடிவு செய்ய இயலாமல் கணிப்பொறி தடுமாறும். உண்மையில் இலைக்குள் இரண்டு திசையிலும் அமைந்த வளையங்கள் கலந்தே இருக்கின்றன. ஆதலால் இத்தடுமாற்றம் பிழையன்று. மற்றொன்று மெய்யான பிழைக்கு இடம் தருவது. பசுங்கணிகத்தின் துண்டுகள் சில பண்டைக் காலத்திலேயே உட்கருவுக்குள் தாவி ஒட்டிக்கொண்டுள்ளன. அவற்றைப் பசுங்கணிகத்தின் எழுத்தாக எண்ணிவிட்டால் இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றும்.

பேய்க்கரும்பின் ஏடும் உயர்குலக் கரும்பின் ஏடும் நீளத்திலும் ஜீன்களின் வரிசையிலும் மிக நெருங்கியவை. எழுத்து வேறுபாடுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. எனினும் ஒன்றை மற்றொன்றினின்றும் ஐயமறப் பிரித்தறிய அவை போதுமானவை. இவ்விரு இனங்களும் பிரிந்து பதினைந்து முதல் இருபது இலட்சம் ஆண்டுகள் ஆயிருக்கலாம் என உட்கரு ஜீன்களை ஒப்பிட்டவர் மதிப்பிட்டுள்ளனர்.

இதன் நேரடிப் பயன் ஒன்று உண்டு. கரும்புப் பூவில் ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் ஒருங்கே இருக்கின்றன. கதிர்களோ நுண்ணிய பூக்களால் நிறைந்தவை. கலப்பின்போது தவறான மகரந்தம் புகுவதும், பதிவேட்டில் பெற்றோர் பெயர் மாறிவிடுவதும் நேரக்கூடியவையே. நூறாண்டுக்கு முன் எழுதிய பெயர்ச்சீட்டு சரியா என்பதை இன்று ஓர் இலைத்துண்டு சொல்லிவிடும், தாயைப் பொறுத்தவரை.

ஒரே தாய்வழியின் அபாயம்

பெரும்பாலான கரும்புகள் ஒரு சில தாய்வழிகளையே சார்ந்து நிற்பதனால் யாது கேடு என்று வினவலாம். ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்னும் புரதத்தின் பெரும்பாகத்துக்குரிய ஜீன் பசுங்கணிகத்திலும் சிறுபாகத்துக்குரிய ஜீன் உட்கருவிலும் உள்ளன. இரண்டும் இசைந்தாலன்றி இலை வேலை செய்யாது. எனவே பசுங்கணிக ஏட்டின் ஓர் எழுத்தும் அற்பமன்று. அட்ரசின் என்னும் களைக்கொல்லியால் சாகாத களைகள் அமெரிக்காவில் 1970-ஐ ஒட்டித் தோன்றின. பசுங்கணிகம் ஆக்கும் ஒரு புரதத்தின் 264-ஆவது இடத்தில் செரீனுக்குப் பதிலாகக் கிளைசின் அமைந்ததே அதற்குக் காரணம். ஓர் எழுத்தின் மாற்றம் அது. தாய்வழியே அது களைகளில் பரவியது.

இதனினும் அச்சம் தருவது அதே 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்துக்கு நேர்ந்தது. விதை உற்பத்திக்கு வசதியாக இருந்ததனால் அந்நாட்டுக் கலப்பினச் சோளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டெக்ஸாஸ் வகை எனப்பட்ட ஒரே தாய்வழியைச் சார்ந்திருந்தது. அத்தாய்வழியின் மைட்டோகாண்டிரியாவில் இருந்த குறை ஒன்று ஒரு பூஞ்சைக்கு வாய்ப்பாக அமைந்தது. ஒரே பருவத்தில் நாட்டின் விளைவில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது. குறை பசுங்கணிகத்தில் இல்லை என்பது மெய்யே. ஆயினும் மைட்டோகாண்டிரியாவும் பசுங்கணிகமும் சோளத்தில் ஒன்றாகவே தாயிடமிருந்து வருகின்றன. பசுங்கணிக ஏடு ஒன்றாயிருப்பின் மற்றதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு அது அடையாளம்.

கரும்பில் இதுவரை அத்தகைய கேடு நேர்ந்ததில்லை. ஆயினும் கரணையால் பெருகும் பயிர் ஒரே வகையில் குவிவது எவ்வளவு எளிது என்பதற்கு உத்தரப் பிரதேசம் சான்று. 2009-இல் வெளியான கோ. 0238 என்னும் வகை அங்கே கரும்புப் பரப்பின் பெரும்பகுதியையும் பிடித்துக்கொண்டது. பின்னர்ச் செவ்வழுகல் நோய் அவ்வகையைத் தாக்கத் தொடங்கியபொழுது உழவரும் ஆலைகளும் ஒருங்கே இடர்ப்பட்டனர். அங்குப் பழுது தாய்வழியில் இல்லை. எனினும் வகையை மாற்றினால் நோயிலிருந்து தப்பலாம். தாய்வழியே பழுதானால் மாற்றுவதற்குக் கையில் வேறு வகை வேண்டுமே!

இதற்காகவே கோயமுத்தூரில் பேய்க்கரும்பையும், அதற்கு உறவான எரியாந்தஸ் என்னும் முரட்டுப் புல்லையும் தாயாக வைத்துக் கலப்புகள் செய்யப்பட்டுள்ளன. முன்னர்க் கூறிய 80 குரோமோசோம் கொடை இவ்வழியில் கிட்டாமையால் சர்க்கரையை மீட்கக் காலம் கூடுதலாகச் செல்லும். ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல கரும்பின் மகரந்தத்தையே மீண்டும் மீண்டும் இட்டுவரவேண்டும். இங்ஙனம் சில தலைமுறை சென்றபின் செடி பார்வைக்கும் சுவைக்கும் கரும்பாகவே இருக்கும். பசுங்கணிகம் மட்டும் ஆற்றங்கரைப் புல்லினுடையது. அது உண்மையில் தங்கியிருக்கிறதா என்பதைத் தலைமுறைதோறும் சோதிப்பதற்கு வேண்டிய எழுத்து வேறுபாடுகளைக் காட்டுப் புல்லின் ஏடே கொடுத்திருக்கிறது.

அத்தகைய தாய்களைத் தேர்ந்தெடுக்கப் பேய்க்கரும்பின் பல வகைகள் வேண்டும். இப்புல்லில் 40 முதல் 128 வரை குரோமோசோம் எண்ணிக்கையில் வேறுபடும் இனங்கள் உள்ளன. இவற்றைத் திரட்டக் கோயமுத்தூரிலிருந்து இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் பயணங்கள் நடத்தப்பட்டன; அவ்வாறு கிடைத்தவை எஸ்.இ.எஸ். என்னும் குறியீட்டோடு எண்ணிடப்பட்டன. 2018-இல் சீன, அமெரிக்க ஆராய்ச்சியாளர் பேய்க்கரும்பின் உட்கரு ஏட்டை முதன்முதல் படித்தபொழுது அவர்கள் கையில் இருந்தது, அத்திரட்டில் 208 என்னும் எண்ணுடைய இந்தியப் புல்லிலிருந்து வளர்க்கப்பட்ட பாதிக் குரோமோசோம் செடியே. அணைகளாலும் மணல் அள்ளுதலாலும் ஆற்றுப் படுகைகள் உருமாறிவரும் இக்காலத்தில், இன்னும் திரட்டப்படாத வகைகளை அவை நிற்கும் கரையிலேயே எண்ணிட்டு இலை எடுத்து வைப்பது, கரும்பு ஆராய்ச்சியில் செலவு மிகக் குறைந்த பணிகளுள் ஒன்று.